மாண்ட விலங்கு மீளுமா?

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் பெருவழியில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் கோவிந்தாபுரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் ஊர் அது. சோதனைச் சாவடியைக் கடந்தால் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறும். ஆனால் காதில் விழும் மொழி உடனே மாறிவிடுவதில்லை. இங்கும், முதலமடை மாந்தோப்புகளைச் சூழ்ந்த ஊர்களிலும், தெற்கே இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதிவரையில் பாலக்காட்டுச் சீமையின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்தது. உத்தியோகத்தின் பொருட்டு வெளி மாநிலம் சென்றவர்கள் நாம். இருந்த இடத்தில் இருந்தபடியே வெளி மாநிலத்தவரானவர்கள் இவ்வெல்லைத் தமிழர்.

இவ்வூரில் நின்று தெற்கே நோக்கினால் நெல்லியாம்பதி மலையும் ஆனைமலைத் தொடரும் தோன்றும். அவற்றுக்கு இடையே பறம்பிக்குளம் காடு கிடக்கிறது. அக்காடு முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அங்குச் செல்லும் மோட்டார் சாலை மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகச் சுற்றிச் செல்கிறது. மனிதருக்குத்தான் இச்சுற்று வழி. விலங்குகள் இரு மாநிலத்தையும் ஒரே காடாகக் கொண்டு திரிகின்றன. அவற்றுள் தலையாயது காட்டுமாடு. கரிய மேனியும், வெள்ளைத் துணி சுற்றினாற்போன்ற கால்களும், திமில் போல் உயர்ந்த முதுகும் உடைய இப்பெருவிலங்கைக் காட்டெருமை என்றும் நம்மவர் கூறுவர். எனினும் எருமையைக் காட்டிலும் பசுவுக்கே அது நெருங்கிய உறவு. சங்கப் புலவர்கள் அதனை ‘ஆமா’ என்றனர். ‘ஆ’ என்றால் பசு என்பதை நினைத்துப் பார்த்தால், பண்டைத் தமிழர் அவ்வுறவை நன்கு அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது.

மலைமேல் ஆமா இன்றும் உலவுகிறது. ஆனால் மலைக்குக் கீழே, தமிழகத்தின் வறண்ட வெளிகளில் ஒரு காலத்தில் ஓடிய வேறொரு விலங்கு இன்று இல்லை. தெற்கே திருநெல்வேலிச் சீமை வரையில் பரவியிருந்ததாகக் கருதப்படும் அவ்விலங்கின் பெயர் சிவிங்கி.

மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே நமக்குத் தொழில். ஒரு சமயம் ‘சீட்டா’ என்னும் சொல் கொண்ட அறிக்கையொன்று நம் மேசைக்கு வந்தது. ‘சிறுத்தை’ என்று எழுதினோம், பின்னர் அடித்தோம். சிறுத்தை மரமேறும் விலங்கு; பதுங்கிப் பாய்வது; இன்றும் நம் தேயிலைத் தோட்டங்களில் நடமாடுவது. சீட்டாவோ திறந்த வெளியில் மானைத் துரத்திப் பிடிக்கும் ஓட்டக்காரன். கண்ணிலிருந்து வாய்வரையில் கண்ணீர் வழிந்தாற்போல் கரிய கோடு உடையது. அதற்கென்று தமிழில் தனிப்பெயர் உண்டா என்று தேடியபோது ‘சிவிங்கி’ கிடைத்தது. சிறிது வெட்கமும் உண்டாயிற்று. ஏனெனில் அப்பெயரைக் குழந்தைப் பருவம் முதல் நாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். ஒட்டகத்தின் கழுத்தும் சிவிங்கியின் புள்ளியும் உடைய விலங்கையன்றோ ‘ஒட்டகச்சிவிங்கி’ என்கிறோம்! ஆப்பிரிக்க விலங்குக்குப் பெயர் சூட்ட உவமையாக நின்ற நம் நாட்டு விலங்கு மறைந்துவிட்டது. உவமை மட்டும் பள்ளிப் புத்தகத்தில் எஞ்சியிருக்கிறது.

அது எவ்வாறு மறைந்தது? 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூல், சிவிங்கியைப் பழக்கி மான் வேட்டையாடும் முறையை விரித்துரைக்கிறது. முகலாய மன்னர்கள் இவ்வேட்டையைப் பெருங்கலையாக்கினர். அக்பர் தம் வாழ்நாளில் 9,000 சிவிங்கிகளைச் சேர்த்தார் என்று அவர் மகன் ஜஹாங்கீர் குறித்திருக்கிறார். ஆனால் இவ்விலங்கு கூண்டில் எளிதில் இனம் பெருக்காது. ஜஹாங்கீர் காலத்தில் ஒருமுறை குட்டி ஈன்றது அதிசயமாக ஏட்டில் எழுதி வைக்கப்பட்டது. ஆகவே அரண்மனைக்கு வேண்டிய ஒவ்வொரு சிவிங்கியும் காட்டிலிருந்தே பிடித்து வரப்பட்டது. காட்டில் அதற்குப் பதில் பிறக்க வேண்டிய குட்டிகள் பிறவாமற் போயின. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் புல்வெளிகள் உழவு நிலமாயின. மான் கூட்டங்கள் குறைந்தன. சிவிங்கியைக் கொன்றவருக்கு அரசாங்கமே வெகுமதியும் அளித்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைப் பிரியரான சுதேச மன்னர் சிலர் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிகளை வரவழைக்கும் நிலை ஏற்பட்டுவிட்டது.

1947-ஆம் ஆண்டில், இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தைச் சேர்ந்த கொரியா சமஸ்தானத்தில், மன்னர் இராமானுஜ பிரதாப் சிங் தேவ் ஓரிரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். இந்தியக் காட்டில் ஐயத்துக்கிடமின்றிக் காணப்பட்ட இறுதிச் சிவிங்கிகள் அவையே என்பர். 1952-ஆம் ஆண்டில், அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்த சித்தூர் ஜில்லாவில் ஒன்றைக் கண்டதாக ஒரு குறிப்பு வெளிவந்தது. அதே ஆண்டில் சிவிங்கி நம் நாட்டில் அற்றுப்போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. உலகம் முழுவதும் வழங்கும் ‘சீட்டா’ என்ற பெயர் நம் நாட்டு மொழியிலிருந்து சென்றதே. பெயரைத் தந்த நாடு விலங்கை இழந்தது.

அற்றுப்போனதை மீண்டும் உண்டாக்க இயலுமா என்ற கேள்வி முற்காலத்தில் புராணத்துக்கு உரியதாக இருந்தது. 1996-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் அது விஞ்ஞானத்துக்கு உரியதாயிற்று. அன்று ஸ்காத்லாந்து நாட்டு ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில் ‘டாலி’ என்னும் செம்மறிக் குட்டி பிறந்தது. அதற்குத் தந்தை இல்லை. வளர்ந்த ஒரு பெண்ணாட்டின் மடியிலிருந்து ஓர் உயிரணுவை எடுத்தனர். மற்றோர் ஆட்டின் சினைமுட்டையிலிருந்து உட்கருவை அகற்றினர். வெறுமையான அம்முட்டையோடு மடியின் உயிரணுவை மின்விசையால் இணைத்தனர். முட்டை கருவாயிற்று, மூன்றாவது ஆடு ஒன்று அக்கருவைச் சுமந்து ஈன்றது. பிறந்த குட்டி, மடியணுவைத் தந்த ஆட்டின் அச்சான நகலாக இருந்தது. இதனையே குளோனிங் என்றும் நகலாக்கம் என்றும் வழங்குகிறோம். இவ்வாறு 277 முட்டைகளை இணைத்துப் பார்த்ததில் உயிரோடு பிறந்தது டாலி ஒன்றே.

இச்செய்தி உலகெங்கும் ஓர் ஆசையை எழுப்பிற்று. ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள், லால்ஜி சிங் அவர்களின் தலைமையில், 2000-ஆம் ஆண்டை ஒட்டிச் சிவிங்கியை நகலாக்கம் செய்யும் திட்டத்தை முன்வைத்தனர். சிறுத்தையின் சினைமுட்டையை வெறுமையாக்கி, அதில் சிவிங்கியின் உட்கருவை வைத்து, சிறுத்தையின் கருப்பையிலேயே வளர்ப்பது அவர்கள் எண்ணம். முறை தெளிவாக இருந்தது. ஆனால் உட்கருவுக்கு எங்கே போவது? அரண்மனைச் சுவர்களில் தொங்கிய பழந்தோல்கள் உதவா. அவற்றில் மரபணுக்கள் துண்டு துண்டாகச் சிதைந்து கிடக்கும். நகலாக்கத்துக்கு வேண்டுவது உயிருள்ள அணு, அல்லது உயிரோடிருந்தபோதே எடுத்துக் கடுங்குளிரில் காத்து வைத்த அணு. சிவிங்கி இங்கே வாழ்ந்த நாளில் எவரும் அதைச் செய்து வைக்கவில்லை. ஆசியச் சிவிங்கி எஞ்சியிருந்த ஒரே நாடு ஈரான். அந்நாட்டை வேண்டினர். தம்மிடம் இருந்த சிலவற்றை அனுப்பவோ, அவற்றின் அணுக்களை எடுக்க அனுமதிக்கவோ ஈரான் இசையவில்லை. திட்டம் அத்துடன் நின்றது.

மாண்டதை மீட்க வந்த விஞ்ஞானம் முதலில் கேட்டது உயிரோடிருக்கும் ஒன்றைத்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இறுதியில் நம் அரசாங்கம் ஆப்பிரிக்காவை நாடிற்று. 2022 செப்டம்பர் 17-ஆம் நாள் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிகளும் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு வந்தன. சில மாண்டன, குட்டிகள் பிறந்தன, அவற்றுள்ளும் சில மாண்டன. அவை வளர்ந்து பெருகுமாக. எனினும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன வேறொரு கிளை அது. நம் நிலத்துச் சிவிங்கியன்று.

சிவிங்கிக்கு அணு கிடைக்கவில்லை. அணு கிடைத்திருந்தால் காரியம் கைகூடியிருக்குமா? இக்கேள்விக்கு விடை சொல்வது நம் பறம்பிக்குளத்து ஆமாவின் உறவினன் ஒருவனே. அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுள் முதன்முதலாக நகலாக்கப்பட்டுப் பிறந்தது காட்டுமாட்டுக் கன்றுதான் என்பதை நம்மில் பலர் அறியோம். அமெரிக்காவில், சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு காட்டுமாட்டின் தோலணுக்களை உறைநிலையில் வைத்திருந்தனர். அவற்றை வீட்டுப் பசுக்களின் 692 சினைமுட்டைகளோடு இணைத்து முயன்றனர். 2001 ஜனவரி 8-ஆம் நாள் அயோவா மாநிலத்தில் சாதாரணப் பசு ஒன்று காட்டுமாட்டுக் கன்றை ஈன்றது. ஊழி வெள்ளத்தில் உயிரினங்களைக் காத்தவரின் பெயரால் அதற்கு ‘நோவா’ என்று பெயரிட்டனர். கன்று எழுந்து நின்றது. இரண்டு நாளில் வயிற்றுக் கழிச்சலால் இறந்தது. நகலாக்கத்தால் நேர்ந்த சாவன்று, கன்றுகளுக்கு வரும் சாதாரண நோய்தான் என்று அதனை உண்டாக்கியவர்கள் கூறினர்.

முற்றிலும் அற்றுப்போன இனம் ஒன்றும் ஒருமுறை மீண்டது. ஸ்பெயின் நாட்டின் பிரனீஸ் மலையில் ‘புகார்தோ’ என்னும் காட்டாடு வாழ்ந்தது. வேட்டையால் குறைந்து குறைந்து, கடைசியில் ‘சீலியா’ என்று பெயரிடப்பட்ட பெண்ணாடு ஒன்றே எஞ்சிற்று. 1999-ஆம் ஆண்டில் அதனைப் பிடித்துத் தோலணுக்களை எடுத்துச் சேமித்துவிட்டு மீண்டும் மலையில் விட்டனர். 2000 ஜனவரியில், விழுந்த மரத்தின் அடியில் அது இறந்து கிடந்தது. சேமித்த அணுக்களைக் கொண்டு கருக்களை உண்டாக்கி 57 ஆடுகளின் கருப்பையில் வைத்தனர், ஏழு சினையாயின, 2003 ஜூலை 30-ஆம் நாள் ஒன்று குட்டி ஈன்றது. நுரையீரல் சரிவர அமையாத அக்குட்டி சில நிமிடங்களே மூச்சுவிட்டது. ஓர் இனம் இருமுறை அற்றுப்போனது சரித்திரத்தில் அதுவே முதன்முறை. அக்குட்டி பிழைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? சீலியாவின் நகல் பெண்ணாகவே இருக்க இயலும். ஆண் புகார்தோ உலகில் இல்லை. தன்னந்தனியாக வாழ்ந்து சீலியாவைப் போலவே அதுவும் மறைந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஒரு விலங்கு அதன் அணுக்களில் மட்டும் அடங்கியிருப்பதன்று. எந்தச் சரிவில் எந்தப் பருவத்தில் புல் தளிர்க்கும், கோடையில் எந்த ஓடையில் நீர் நிற்கும், புலியின் மணம் வந்தால் எத்திசையில் ஓடுவது என்பனவற்றைக் கன்று தன் மந்தையைப் பார்த்தே கற்கிறது. மந்தை இல்லாத கன்றுக்கு இவற்றைக் கற்பிக்க ஆளில்லை. தாய்மொழி பேசுவோர் அருகில் இல்லாத ஊரில் குழந்தைக்குத் தமிழ் கற்பிக்கப் பாடுபடும் நம் நேயர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. உருவமும் பெயரும் வழிவழியாக வந்துவிடும். மொழி வருவதற்குப் பேசும் வாய்கள் நாலுபுறமும் வேண்டும்.

2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகில் இல்லாத ‘டயர் ஓநாய்’ என்னும் பெரிய ஓநாயை மீட்டுவிட்டதாக அமெரிக்கக் கம்பெனி ஒன்று அறிவித்தது. சாதாரணச் சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 மாறுதல்கள் செய்து பெற்ற குட்டிகள் அவை. பழைய விலங்கின் சில சாயல்களை ஏற்ற இன்றைய ஓநாய்களே அவை என்று விஞ்ஞானிகள் பலர் மறுத்துரைத்தனர். மூலநூல் தொலைந்துவிட்ட நிலையில், கிடைத்த சில வரிகளை வேறொரு நூலில் நுழைத்துவிட்டு அதற்கு மூலநூலின் பெயரைச் சூட்டினால் எந்த மொழிபெயர்ப்பாளனும் ஒப்பமாட்டான்.

ஆயினும் நகலாக்கக் கலையை வீண் என்று தள்ளுதல் நியாயமாகாது. ஹரியானாவில் கர்னால் நகரத்து தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் பிறந்த முதல் நகல் எருமைக்கன்று சில நாளில் இறந்தது. அடுத்து ஜூனில் பிறந்த ‘கரிமா’ பிழைத்தது. 2010-இல் பிறந்த இரண்டாம் கரிமா 2013-இல் தானே கன்று ஈன்றது. அமெரிக்காவில் கருங்கால் ஃபெரட் என்னும் சிறு ஊனுண்ணி ஏழே விலங்குகளின் வழித்தோன்றலாகச் சுருங்கிவிட்டது. 1988-இல் இறந்த வேறொன்றின் அணுக்களை உறைநிலையில் காத்திருந்தமையால், 2020 டிசம்பரில் அதன் நகல் பிறந்தது. அவ்வணுக்களிலிருந்தே பின்னர் பிறந்த மற்றொரு நகல் 2024-இல் குட்டிகளும் ஈன்றது. இங்கே நகலாக்கம் பயன் தந்ததற்குக் காரணம், கலந்து வாழ இனம் இன்னும் உயிரோடிருந்தது. அணுக்களும் வேளையில் சேமிக்கப்பட்டிருந்தன. ஹைதராபாத்தில் அழிவுறும் உயிரினங்களைக் காப்பதற்கென அமைந்த ஆய்வுக்கூடமும் அணுக்களைச் சேமிக்கும் இப்பணியைச் செய்து வருகிறது. இருக்கும் இனத்துக்கு அது துணைக்கோல். இல்லாத இனத்துக்கு அது கால் ஆகாது.

இனி நம் ஆமாவின் கதைக்கு மீள்வோம். பசுவும் ஆமாவும் உறவு என்று கண்டோம். அவ்வுறவால்தான் பசுவின் வயிற்றில் நோவா வளர்ந்தது. அவ்வுறவுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பசுவுக்கு வரும் கொள்ளைநோய் ஆமாவுக்கும் வரும். அவற்றுள் கொடியது வெக்கை நோய். மேய்ச்சல் மாடுகளோடு காட்டுக்குள் புகுந்த அந்நோய், 1968-ஆம் ஆண்டில் முதுமலை, பண்டிப்பூர்க் காடுகளில் காட்டுமாடுகளை மந்தை மந்தையாக மாய்த்தது. அந்நோய் அடங்காதிருந்தால், ஆமாவும் சிவிங்கியைப் போல அகராதிச் சொல்லாகியிருக்கக்கூடும்.

அது அடங்கியது எவ்வாறு? இமயமலைச் சாரலில் முக்தேசுவரம் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய ஆராய்ச்சிகளால் தடுப்பூசி கிடைத்தது. 1954-இல் நாடு தழுவிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. கால்நடை உதவியாளர்கள் குளிர்ப்பெட்டியும் ஊசியும் ஏந்தி ஊர் ஊராகச் சென்று, உழவு மாட்டையும் கறவை மாட்டையும் பிடித்து நிறுத்தி ஊசி போட்டனர். பல்லாண்டுகள் அலுப்பின்றி நடந்த இப்பணியின் பயனாக 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகம் முழுவதும் அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. பட்டியிலுள்ள பசுவைக் காத்தபோது காட்டிலுள்ள ஆமாவும் காக்கப்பட்டது. பசுவின் உறவைக் கொண்டு ஆய்வுக்கூடம் பெற்ற கன்று இரண்டு நாள் வாழ்ந்தது. அதே உறவு, பெயர் தெரியாத கால்நடை உதவியாளர்களின் கையால் காட்டின் மந்தைகளையே வாழவைத்தது. இவர்களுடைய படம் எப்பத்திரிகையிலும் வரவில்லை.

புகார்தோவுக்கு இணையாக நமக்கும் ஒரு மலையாடு உண்டு. அதுவே வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதுவும் துப்பாக்கிக்கு இலக்காகி மிகக் குறைந்துபோன இனந்தான். ஆனால் அதன் கதை வேறு வழியில் திரும்பிற்று. இடுக்கி ஜில்லாவில் இரவிகுளம் புல்வெளியை 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தனர். முதுவர் குடியினர் காவலராக நின்று காத்தனர். 2025-ஆம் ஆண்டில் கேரளமும் தமிழ்நாடும் ஒரே வேளையில் சேர்ந்து கணக்கெடுத்தபோது, இரு மாநிலத்திலுமாக 2,668 வரையாடுகள் இருப்பதாகத் தெரிந்தது. எல்லையின் இரு பக்கத்தாரும் தனித்தனியே எண்ணினால், கடந்து செல்லும் ஆட்டை இருமுறை எண்ணவும் கூடும், எண்ணாமலே விடவும் கூடும். ஆகையால் இருவரும் கூடி எண்ணினர்.

கோவிந்தாபுரத்துக்குத் தெற்கே நிற்கும் மலைகளிலும் செய்யத்தக்கது இதுவே. ஆமா மேயும் புல்வெளியில் அந்நியக் களை பரவாமல் பார்ப்பதும், கோடையில் தீ மூளாமல் காப்பதும், காட்டோரத்து மாடுகளுக்குத் தவணை தவறாமல் ஊசி போடுவதும் பெரிய விஞ்ஞான அதிசயங்கள் அல்ல. இவற்றுக்குச் செலவிடும் பணத்தையும் பொறுமையையும் விலங்கு உயிரோடிருக்கும்போதே செலவிட வேண்டும். சிவிங்கிக்காக நாம் அவ்வாறு செய்யவில்லை. அதன் பின்னர் ஈரானிடமும் ஆப்பிரிக்காவிடமும் கேட்க நேர்ந்தது.

வெளி மாநிலங்களில் வாழும் நம் நேயர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, பொள்ளாச்சி வழியாக ஒருநாள் பறம்பிக்குளம் சென்று வருவார்களாக. மாலை வேளையில் ஏரிக்கரைப் புல்வெளிக்கு ஆமாக் கூட்டம் இறங்கி வரும். குழந்தைகளுக்கு அதனைக் காட்டி, அதன் தமிழ்ப் பெயரையும் சொல்லலாம். பெயரும் விலங்கும் அங்கே இன்னும் சேர்ந்தே இருக்கின்றன.